விண்வெளி வாரத்தின் ஐந்தாம் நாள்

ரத்த அணுக்களை எண்ணிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் முதலில் சொன்னதை நம்ப மாட்டார்கள். கண்ணாடித் தகட்டை மயிரிழை நகர்த்தி இன்னொரு தடவை பார்ப்பார்கள். அன்றைக்கு மதிய இடைவேளையில் லென்ஸக்கா ஒன்பது தடவை நகர்த்திப் பார்த்தாள். ஒன்பது தடவையும் நட்சத்திரத்தின் கால் உடைந்துதான் இருந்தது.

மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்தது ரத்தம் இல்லை, ஒரு தபால் கவர். நாற்பத்தொரு வருஷப் பழசு. அதன் மேல் வட்ட முத்திரை. வட்டத்துக்குள் மணி வடிவத்தில் ஒரு விண்கலம், அதன் தலைக்கு மேல் ஐந்து கால் நட்சத்திரம், அடியில் தேதி. நட்சத்திரத்தின் இடது கீழ்க்காலுக்கு நுனியைக் காணோம். யாரோ பல்லால் கடித்துத் துப்பியது போல இருந்தது.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுடைய சாப்பாட்டு டப்பா மேசை ஓரத்தில் மூடியோடு கிடந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு நட்சத்திரத்தின் கால் உடைந்ததற்கா இவ்வளவு என்று கேட்கலாம். விஷயம் அப்படி.

மனிதன் முதன்முதலாகப் பூமியை விட்டு மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கிய காலம் அது. எங்கெங்கோ கொண்டாடினார்கள். இந்த ஊரிலும் விளையாட்டு மைதானத்தில் கூடாரம் போட்டு ஏழு நாள் ‘விண்வெளி வாரம்’ நடத்தினார்கள். தகரத்தில் செய்த மாதிரி விண்கலத்துக்குள் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றி உட்காரவைத்து இறக்கினார்கள். வாசலில் தபால் துறை ஒரு தற்காலிகக் கவுன்ட்டர் போட்டது. படம் அச்சடித்த கவரில் தபால்தலை ஒட்டி நீட்டினால், அந்த வாரத்துக்கென்றே செய்த முத்திரையைக் குத்தித் தருவார்கள். விண்கலமும் நட்சத்திரமும் மாறாது, தேதி மட்டும் தினம் மாறும். ஏழு நாளுக்கு ஏழு தேதி. சேகரிக்கிறவர்களுக்கு ஏழும் வேண்டும்.

பன்னிரண்டு வயதில் அவளுக்கும் ஏழும் வேண்டியிருந்தது. முதல் நான்கு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினாள், வாங்கினாள். ஐந்தாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காலை பதினோரு மணிக்கே போய்விட்டாள். கூடாரத்தின் திரை இழுத்துக் கட்டியிருந்தது. கவுன்ட்டரில் ஆள் இல்லை. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, காய்ச்சலோடு வீடு திரும்பினாள். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் கிடைத்தன. ஐந்தாம் நாள் இல்லாமலே அவள் வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள். விண்வெளிக் கொண்டாட்டக் கவர்களாகவே சேர்த்து ஆல்பம் நிறைந்தது. முதல் மனிதன், முதல் பெண், விண்ணில் நடந்த முதல் ஆள், அவர்களின் பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு எல்லாம் வந்தன. ஐந்தாம் நாள் மட்டும் வரவில்லை. அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அது வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய கணவர். தலைமைத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. ஊரில் அவருக்குப் பெயரே முத்திரைக்காரர்தான். ‘பட்டுவாடா ஆகாம மூலைல கெடந்த பழைய கட்டுல இருந்துச்சு, முகவரி தப்பாம், வாங்க ஆள் இல்லையாம்’ என்று மேசை மேல் வைத்தார். அன்றைக்கு அவள் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தாள்தான். லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர் வந்ததே அதனால்தான். தபால்தலைச் சங்கத்தில் யார் என்ன கவரைக் காட்டினாலும், பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணோரம் பிடித்து, ‘தம்பி, இந்தத் தபால்தலை அப்புறமா ஒட்டினது. முத்திரையோட கோடு தாள்லேருந்து தலைக்கு ஏறவே இல்லை பாருங்க’ என்பாள். நெஞ்சை நிமிர்த்தி வந்த எத்தனையோ ஆண்கள் அந்த லென்ஸின் முன்னால் சுருங்கிப் போயிருக்கிறார்கள். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிற ஒருவன் சங்கத்தில் இருக்கிறான், மீட்டர் என்றே கூப்பிடுவார்கள். அவன்தான் அந்தப் பெயரை வைத்தான். அவன் கவர்களில் மூன்றை அவள் கழித்துக்கட்டிய கோபம்.

சங்கத் தலைவர் பல் டாக்டர், விண்வெளி வாரக் கவர்களுக்கென்று ஒரு கையேடு போடுகிறார். அதற்காக எல்லோரிடமும் கேட்டு வாங்கி, அறுபத்து மூன்று கவர்களை அவளிடம் கொடுத்திருந்தார். முத்திரைகளில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று பார்க்கச் சொன்னார். அவள் ஒரு வாரமாக இடைவேளைகளில் பார்த்தாள். ஆறாம் நாள் வரைக்கும் கிடைத்த கவர்களில் நட்சத்திரம் முழுசு. ஏழாம் நாள் கவர்களில் சிலவற்றில் முழுசு, சிலவற்றில் கால் உடைந்தது. ஆக, முத்திரையின் பித்தளை அச்சு ஏழாம் நாள்தான் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. குறிப்பு எழுத உட்கார்ந்தவள், கணக்கு முழுமையாக இருக்கட்டுமே என்று தன்னுடைய ஐந்தாம் நாள் கவரையும் அடியில் வைத்தாள்.

ஏழாம் நாள் உடைந்த கால், ஐந்தாம் நாளில் எப்படி உடைந்திருக்கும்?

பின்னால் என்றைக்கோ, அந்த அச்சை எடுத்து, பழைய தேதி பொருத்தி, யாரோ குத்தியிருக்கிறார்கள். அச்சு இருந்தது தலைமைத் தபால் நிலையத்து இரும்பு அலமாரியில், அதன் சாவி ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. அதன் முகப்பில் அந்தக் கவரின் படம். அடியில், ‘அறியப்பட்டவற்றில் ஒரே ஒரு ஐந்தாம் நாள் கவர்’ என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். எடுக்கச் சொன்னால் யார் குத்தியது என்று கேட்பார்கள். யார் என்று தெரிந்தால் அதோடு விடுவார்களா? அவளுடைய ஆல்பத்தில் முந்நூற்று நாற்பது கவர். அதில் நூற்றுப் பன்னிரண்டு அவர் கையால் முத்திரை வாங்கியவை. ஒன்று பொய் என்றால் மற்றதெல்லாம் என்னவாகும்? எடுக்கச் சொல்லாவிட்டால், இனி வருகிற சேகரிப்பாளன் ஒவ்வொருவனும் இல்லாத ஒன்றை, இருக்கிறது என்று நம்பித் தேடுவான். அவள் தேடியது போல.

டப்பாவைத் திறக்காமலே பையில் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது முத்திரைக்காரர் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. மணிக்கட்டு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று வீட்டுத் துணி முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

“என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? அணு ஏதாவது கணக்குல குறையுதா?”

“தலைவலி.”

“உள்ள போய்ப் படு. உன் நாத்தனார் வந்தா வலி போற வரைக்கும் வாயைத் தெறக்காதேன்னு சொல்றேன்.”

“என் பேரு எங்கேயோ அடிபடுதே,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கணவரின் தங்கை. முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அவரைப் போலவே ஓய்வு பெற்று, அவரைப் போலவே மூன்று வருஷமாக இங்கே இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பட்டப்பெயர். “அண்ணி, தலைவலியா? ரத்தத்தைப் பாத்துப் பாத்து உங்களுக்கு ரத்தம் சுண்டிப் போச்சு. இருங்க, டீ போடறேன்.”

லென்ஸக்கா சிரிக்க முயன்றாள். வரவில்லை. சட்டைக் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டி போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுத்துவதும் தெரியாது, எடுப்பதும் தெரியாது. அந்தக் கைதான் அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது. இருபத்து மூன்று வயதில், ஏதோ ஒரு ஆண்டு விழா முத்திரைக்காகக் கவுன்ட்டரில் போய் நின்று, ‘கொஞ்சம் மெல்லக் குத்துங்க சார், மை வழியக் கூடாது’ என்றாள். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, ‘தூங்குற கொழந்தை மேல ஈ உக்கார்ற மாதிரி வெச்சா போதுமா?’ என்றார். அப்படியேதான் வைத்தார். மூன்றாம் தடவை போனபோது, ‘வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு மைப்பலகையைப் பார்த்துக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாத மனுஷன்.

அந்த மனுஷனிடம் எப்படிக் கேட்பது? வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவள் எதையாவது தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை, வெங்காயம் உரித்துக்கொண்டே எக்ஸ்சேஞ்ச் வாயைக் கிண்டினாள்.

“ரெண்டு நாளா எங்க அண்ணன்கிட்ட லைன் கட் ஆகியிருக்கு போலயே. என்ன சண்டை?”

“சண்டையெல்லாம் இல்லை. கையேடு வேலை. விண்வெளி வாரம், அந்த முத்திரை, அதுவே தலைக்குள்ள ஓடுது.”

“ஓ, அந்த மைதானத்துல நடந்ததா? அதுல அண்ணனுக்கும் ஒருநாள் டூட்டி போட்டாங்களே.”

லென்ஸக்காவின் கையில் கத்தி நின்றது. “அவருக்கா?”

“ஆமா. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகலை. வழக்கமா இருக்கிற ஆளுக்கு ஜுரம்னு இவனை அனுப்பினாங்க. என்னமா ஊத்துச்சு அன்னைக்கு மழை! மத்தியானமே வந்துட்டான். ஷூவைக் கழட்டி பேப்பர்ல சுத்தி, கொழந்தையை எடுத்துட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வந்தான். அம்மா கேட்டாங்க, ‘ஏண்டா, கால் நனையலாம், ஷூ நனையக் கூடாதா?’ன்னு. எங்க வீட்ல முதல் ஷூ அதுதான். ஏன் அண்ணி, உங்ககிட்ட சொன்னதே இல்லையா?”

இல்லை. சொன்னதே இல்லை. ஆனால் அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் சொன்னாள், பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் காதுபடச் சொன்னாள். மழையில் நின்றது, காய்ச்சல் வந்தது, ‘எந்தச் சோம்பேறிப் பயலோ, அவன் கவுன்ட்டரைத் தெறக்காம எங்க போய்த் தூங்கினானோ’ என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள் கவர் கிடைத்த பிறகுதான் அந்தக் கதையை விட்டாள். எக்ஸ்சேஞ்ச் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே விட்டாயிற்று.

கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

முத்திரைக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு கிளிப்.

“அந்த அஞ்சாம் நாள் கவர், நீங்க குத்தினதுதானே?”

ஒரு கிளிப்பை எடுத்துச் சட்டையின் தோளில் மாட்டினார். இன்னொன்றை எடுத்து மறு தோளில் மாட்டினார். அதற்குப் பிறகு வாயில் சாக்கு எதுவும் இல்லை.

“யார் சொன்னா?”

“நட்சத்திரம் சொல்லுச்சு. கால் உடைஞ்சிருக்கு. ஏழாம் நாள்தான் உடைஞ்சது.”

“அது எனக்குத் தெரியாம போச்சே,” என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஒரு தொழில்காரனின் வருத்தம் இருந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“முகவரி வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே?”

“எடது கையால எழுதினேன். பழைய அலமாரியைக் காலி பண்ணச் சொன்னாங்க. அழிக்க அனுப்பாம அந்த அச்சு அங்கேயே கெடந்துச்சு. ஒரே ஒரு கவர்தாம்மா. வேற ஒண்ணும் பண்ணலை.”

“எனக்காகவா பண்ணீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்றுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவர் ஈரத்துணி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை,” என்றார். “எனக்காக. நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தட்டுல டீ எடுத்துக்கிட்டு நான் கரெக்டா வந்து நிப்பேன். சோம்பேறிப் பயல்ங்கிற இடத்துக்கு நீ அப்போதான் வந்திருப்பே. பதினேழு வருஷம் கேட்டேன். கவர் கெடச்சா நீ நிறுத்திடுவேன்னு நெனச்சேன். நிறுத்திட்டே.”

“அன்னைக்கு எங்க இருந்தீங்க?”

“எதிர்ல. பஸ் ஸ்டாப் கொட்டகைல. அச்சும் மையும் பெட்டியோட கையில இருந்துச்சு. நடுவுல முழங்கால் தண்ணி. ஷூ புதுசு.” நிறுத்தினார். “ஒரு சின்னப் பொண்ணு வந்து நின்னுச்சு. பையைத் தலை மேல வெச்சுக்கிட்டு. இப்பப் போயிடும், இப்பப் போயிடும்னு பாத்தேன். போகலை.”

“எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“நான்தான் முதல்ல போனேன்.”

நனைந்து நின்ற அந்தப் பெண்ணை இத்தனை வருஷமும் தான் மட்டுமே பார்த்ததாக அவள் நினைத்திருந்தாள்.

“ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்டர்ல, ‘கவுன்ட்டர் திறக்கப்பட்டது, வருகை இல்லை’ன்னு எழுதினேன். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின ஒரே பொய் அது.”

“ஒண்ணா?”

“ரெண்டு,” என்றார்.

“நாளைக்கு அந்தக் கவரை எடுத்துடச் சொல்லப் போறேன். அது பொய்னு மட்டும்தான் சொல்வேன். உங்க பேரு என் வாய்லேருந்து வராது. அதுக்கு மேல உங்க இஷ்டம்.”

அவள் இறங்கிப் போன பிறகும் வாளித் துணி வெகுநேரம் அப்படியே இருந்தது.

சங்கம் கூடுவது பல் டாக்டரின் கிளினிக்கில், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால். நோயாளிகள் உட்காருகிற நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நடுவில் இருந்த கண்ணாடி மேசையில் பிளாஸ்டர் தாடை ஒன்று இளித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் கையேட்டின் அச்சுப்படிகள் கிடந்தன. அன்றைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். முத்திரைக்காரர் வழக்கம்போல ஆல்பப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல வாசல் பக்க நாற்காலியில் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

“வாங்கக்கா. முகப்பு எப்படி வந்திருக்கு பாருங்க,” என்று பல் டாக்டர் படியை நீட்டினார். “உங்க கவர் ஜம்முனு இருக்கு.”

“அதை எடுத்துடுங்க டாக்டர் தம்பி.”

“ஏன், வேற படம் வைக்கணுமா?”

“கவரே சரியில்லை. பொய்க் கவர்.” நட்சத்திரக் குறிப்பை நீட்டினாள். ஆய்வுக்கூட அறிக்கை போல நறுக்கென்று எழுதியிருந்தாள். ஏழாம் நாளுக்கு முன் குத்தியது இல்லை, பின்னால் தேதி மாற்றிக் குத்தியது என்று கடைசி வரி.

பல் டாக்டர் படித்தார். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவன் போல அவர் முகம் ஆனது. மீட்டர் எட்டி வாங்கிப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“அடேங்கப்பா. லென்ஸக்கா கவர்லயே கோளாறா? இது எங்கிருந்துக்கா வந்துச்சு?”

“அது வேண்டாம். எடுத்துட்டாப் போதும்.”

“அதெப்படி வேண்டாம்? என் கவரை அலசிக் காயப்போட்டப்போ, ‘தம்பி, யார் குடுத்தா, எப்போ குடுத்தா’ன்னு போலீஸ் மாதிரி கேட்டீங்களே. அப்போ எனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியலை.”

“ஏ மீட்டர், விடுப்பா,” என்றார் பல் டாக்டர். ஆனால் அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் வாசல் பக்கம் போகாதபடி பிளாஸ்டர் தாடையின் பற்களை எண்ண ஆரம்பித்தாள்.

பத்திரிகை மடிபடுகிற சத்தம் கேட்டது.

“நான்தான் குத்தினேன்,” என்றார் முத்திரைக்காரர். எழுந்து நின்று சொன்னார், மேலதிகாரி முன்னால் நிற்பது போல. “அவளுக்குத் தெரியாது. அஞ்சாம் நாள் கவுன்ட்டர் தெறக்கவே இல்லை. தெறக்க வேண்டியவன் நான். ரிஜிஸ்டர்ல தெறந்ததா எழுதினதும் நான். அதனால அஞ்சாம் நாள் கவர்னு ஒண்ணு உலகத்துல கெடையாது. அதை அப்படியே புத்தகத்துல போட்டுடுங்க.”

மிகச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். ஒருவர் இருமினார். லென்ஸக்காவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அது தரையைத் தொடுவதற்குள் மீட்டர் கேட்டான்.

“மாமா, ஒரு விஷயம். என் ஆண்டுவிழாக் கவர் எல்லாம் நீங்க குத்தினதுதான். ரெண்டு மூணு, விழா அன்னைக்கு வர முடியாம மறுநாள் கொண்டுவந்தேன். நீங்க முந்தின நாள் தேதிலயே போட்டுக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?”

“நீ கெஞ்சினேப்பா.”

“கெஞ்சினேன். இல்லைங்கலை. நான் எத்தனாவது ஆள்?”

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூலையில் இருந்த ஒருவர் தன் ஆல்பத்தை மெல்லத் திறந்து, எதையோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். லென்ஸக்கா முதல் தடவையாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். மறுநாள் வந்தவனுக்கு முந்தின நாள் தேதி. இதை அவர் மாடியில் சொல்லவில்லை. வேற ஒண்ணும் பண்ணலை என்றுதான் சொன்னார். அது அவருக்குப் பொய்யாகவே தோன்றியிருக்காது. தெரிந்த முகம், சின்ன உதவி, அவ்வளவுதான். அவருக்கு அவளைவிடத் தெரிந்த முகம் யார்?

“மாமா, உக்காருங்க,” என்றார் பல் டாக்டர். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சாம் நாள் பத்தி அவர் சொன்னபடியே போட்டுடறேன். ஆனா பின்னாடி ஆண்டுவிழாப் பட்டியல்ல உங்க கவர் நூத்துச் சொச்சம் இருக்கு. அதையும் இப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. ஒரு வாரம் தள்ளி வைக்கறேன். நீங்க ஒவ்வொண்ணா லென்ஸ்ல பாத்துட்டு, சரின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா எங்களுக்குப் போதும்.”

“அதுல லென்ஸ் ஒண்ணும் பண்ணாது,” என்றாள். “சரியான அச்சு, சரியான மை, சரியான கை. தேதி மட்டும் மறுநாள்லேருந்து முந்தின நாளுக்குப் போயிருந்தா எந்த லென்ஸ்லயும் தெரியாது.”

“அப்போ யாருக்குத் தெரியும்?”

எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஆல்பப் பையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், “சொல்லாம இருந்திருக்கணுமோ?” என்றார்.

“சொன்னதுக்காக நான் கோபப்படலை.”

“பின்னே?”

“கோபமே படலை. பயமா இருக்கு.”

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். இருபத்தொன்பது வருஷ வேலையில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் அவள் போட்ட இரண்டாவது லீவு, முதலாவது கல்யாணத்துக்கு. எக்ஸ்சேஞ்ச் விஷயத்தைக் கேட்டு, முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல், சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, “நான்தான் உளறிட்டேனா அண்ணி?” என்றாள்.

“நீ ஒண்ணும் பண்ணலை. மெதுவா வா.”

ஆல்பத்தை நடுவில் வைத்தாள். அவரை எதிரில் உட்காரச் சொன்னாள். சாமணத்தால் கவரை எடுத்துத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன வெள்ளைத் தாள். கையில் பென்சில்.

“இது?”

“அன்னைக்கேதான். கரண்ட் இல்லை. ஜன்னல் பக்கமாத் திருப்பி வெச்சுக் குத்தினேன். கீழ்ப்பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கும் பாரு.”

இருந்தது. சரி என்று எழுதினாள்.

“இது?”

“நீ வரிசைல நின்னே. உனக்கு முன்னாடி ஒரு ஆள் நாப்பது கவர் வெச்சுக்கிட்டு உயிரை வாங்கினான். அன்னைக்கேதான்.”

சரி. அவளுக்கும் அந்த நாற்பது கவர்க்காரன் ஞாபகத்துக்கு வந்தான்.

இப்படிப் போயிற்று. அவருக்கு ஒவ்வொரு குத்தும் நினைவிருந்தது. மை புதிதாக ஊற்றிய நாள், கை நடுங்கிய நாள், மேலதிகாரி பின்னால் நின்று பார்த்த நாள். ஒன்றில், “இது மறுநாள் போட்டது. உனக்கு நைட் டூட்டி, எழுப்ப மனசு வரலை. மறுநாள் நானே எடுத்துட்டுப் போய்ப் போட்டேன்,” என்று தானாகவே சொன்னார். அவள் அதன் கீழே முன்தேதி என்று எழுதினாள். பென்சில் நுனி உடைந்தது. சீவிக்கொண்டாள். அப்படி இன்னும் இரண்டு வந்தன. அவரே சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. ஆனாலும் சொல்கிறாரே என்று ஒரு பிடிமானமும் இருந்தது.

எழுபத்து மூன்றாவது கவர், முதல் பெண் விண்ணுக்குப் போன இருபதாம் ஆண்டு. ஆல்பத்திலேயே சுத்தமான முத்திரை அதுதான். சுற்றுக்கோடு ஒரு மயிரிழை கலையாமல், எழுத்து ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம் போல இருக்கும். அதற்குத்தான் ஒரு கண்காட்சியில் பரிசு வாங்கினாள்.

“இது?”

அவர் கவரைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

“நீ அன்னைக்கு வந்தியா?”

“இல்லை. எனக்கு அம்மை. நீங்கதான் போட்டு எடுத்துட்டு வந்தீங்க.”

“ஆமா, அம்மை. நான் லீவு போட்டேன். எந்த நாள்லேருந்து போட்டேன்?”

“நீங்கதான் சொல்லணும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது மணிக்கட்டு மேசை மேல் மெல்ல ஏறி இறங்கியது, குத்திப் பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அன்னைக்கேதான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவள் எழுதிக்கொள்வாள், பரிசு நிற்கும், பொய் என்று யாராலும் காட்ட முடியாது. அந்த வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள்.

“ஞாபகம் இல்லைம்மா,” என்றார்.

அவள் பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் எந்த அறிக்கையிலும் அவள் எழுதாத ஒரு வார்த்தை அது. எழுதினால் ரத்த மாதிரியைத் திரும்ப எடுத்துவரச் சொல்லிவிடுவார்கள். இங்கே திரும்ப எடுக்க என்ன இருக்கிறது?

தெரியாது என்று எழுதினாள். கவரை அதன் இடத்தில் செருகிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.